யாழ்ப்பாணத்து வெக்கைக்குள்ள மீன்தொட்டித் தண்ணியை ஒரே சூட்டில வச்சிருக்கிறது

மீன் வளக்கிற ஆக்கள் கேக்கிற முதல் கேள்வி அநேகமா இதுதான், தண்ணி எத்தினை டிகிரியில இருக்கோணும் எண்டு. நான் மறுமொழி சொல்ல முதல் ஒண்டு கேப்பன், உங்கட தொட்டி விடிய எத்தினை காட்டுது, பொழுதுபடேக்க எத்தினை காட்டுது? கனபேருக்கு அது தெரியாது. ஒருக்காப் பாத்து 28 எண்டு கண்டால் அதோட விட்டிடுவினம். எங்கட ஊரில மீன் சாகிறது 28இலயோ 30இலயோ இல்லை, விடிய 26, பின்னேரம் 32, பேந்து பயத்தில ஐஸ் கொட்டி ஒரேயடியா 27, இந்த ஏத்த இறக்கத்திலதான் கனக்கச் சாகுது. மீனுக்கு எங்களை மாதிரி உடம்புச் சூடு எண்டு தனிய ஒண்டு இல்லை, தண்ணி என்ன சூடோ அதுதான் அதின்ர உடம்பும், சமிபாடு, மூச்சு, நோயைத் தாங்கிற சக்தி எல்லாம் அந்தச் சூட்டைப் பிடிச்சுத்தான் ஓடுது. ஒரு நாளுக்குள்ள ரெண்டு டிகிரி ஏறி இறங்கினால் கப்பி, மொலி, ஏஞ்சல் எல்லாம் தாங்கும், அதுக்கு மேல ஒவ்வொரு நாளும் எண்டால் மெல்ல மெல்லச் சோர்ந்துபோய் செட்டையை ஒடுக்கிக்கொண்டு மூலைக்குள்ள போய் நிக்கும், பேந்து ஏதோ ஒரு வருத்தம் வந்து பிடிக்கும், நாங்கள் அந்த வருத்தத்துக்கு மருந்து தேடிக்கொண்டு திரிவம்.

அதால முதல் வேலை அளக்கிறது. கண்ணாடிக்கு வெளியால ஒட்டுற ஸ்ரிக்கர் தெர்மோமீற்றர் பாதி அறையின்ர சூட்டைத்தான் காட்டும், அதை நம்பாதேங்கோ. தண்ணிக்குள்ள விடுற கண்ணாடிக் குழாய் ஒண்டு, இல்லாட்டி வயரில சென்சர் தொங்கிற டிஜிற்றல் ஒண்டு வாங்குங்கோ, ரெண்டும் பெரிய விலை இல்லை. ஒரு கொப்பியில விடிய எழும்பின உடன, மத்தியானம், பொழுதுபட்டாப் பிறகு, படுக்கப் போக முதல் எண்டு ஒரு கிழமை எழுதிப் பாருங்கோ. நான் எழுதேக்க எனக்கு விளங்கினது என்னெண்டால், தொட்டி ஆகக் கூடச் சுடுறது உச்சிவெயிலில இல்லை. எங்கட வீடு கொக்குவில் பக்கம், தட்டுவீடு, பகல் முழுக்க கொங்கிறீற் தட்டு சூட்டைக் குடிச்சு வச்சிருந்து பொழுதுபட்டாப் பிறகுதான் கீழ இறக்கும், அதால எங்கட ஹோலில தண்ணி கூடச் சுடுறது இரவு ஏழு எட்டு மணிக்கு. ஓட்டு வீட்டில இருக்கிற சிநேகிதன்ர தொட்டி பின்னேரம் நாலு மணிக்கே உச்சத்துக்குப் போய் பிறகு கெதியா இறங்கீடும். உங்கட வீட்டுக் கணக்கு உங்கட கொப்பிக்குத்தான் தெரியும், எப்ப ஃபான் போடுறது எப்ப நிப்பாட்டுறது எண்டதெல்லாம் அதைப் பாத்துத்தான் முடிவெடுக்கோணும்.

அடுத்தது தொட்டி வைக்கிற இடம், இதில காசே செலவில்லை, ஆனா எல்லாத்திலயும் கூடப் பலன் இதுதான். மேற்குச் சுவரில முட்ட வைக்காதேங்கோ, பின்னேர வெயில் அடிச்ச சுவரை இரவு ஒன்பது மணிக்குத் தொட்டுப் பாருங்கோ, இன்னும் சுடும். பிறிட்ஜுக்குப் பக்கத்திலயும் வேண்டாம், அதின்ர முதுகால வாற சூடு முழுக்கத் தொட்டிக்குத்தான். விறாந்தையில வச்சால் வடிவாத்தான் இருக்கும், ஆனா வெயில் சரிஞ்சு உள்ள வாற காலம் எண்டு ஒண்டு இருக்கு, காலமை வெயில் அரை மணித்தியாலம் பட்டாலே பாசியும் பிடிக்கும் சூடும் ஏறும். எங்கட பக்கம் சூரியன் நேர உச்சிக்கு வாறது வருசத்தில ரெண்டு தரம், சித்திரை நடுப்பகுதியில ஒருக்கா, ஆவணிக் கடைசியில ஒருக்கா, அதால சித்திரை வைகாசி முடிஞ்சுது இனிப் பயமில்லை எண்டு இருக்கேலாது, நல்லூர்த் திருவிழா நேரமும் தொட்டியில ஒரு கண் இருக்கோணும். வீட்டுக்கு நடுவில, வடக்குப் பக்கமோ கிழக்குப் பக்கமோ ஒரு உட்சுவர், மேல ஃபான் ஓடுற அறை, அதுதான் நல்ல இடம்.

தொட்டி பெரிசா இருந்தால் பாதி வேலை முடிஞ்சுது. ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில கல்லும் போட்டு நிரப்பினால் 50 லீற்றர் தண்ணிதான் நிக்கும், மூண்டடித் தொட்டியில 140 லீற்றர் அளவு பிடிக்கும், அவ்வளவு தண்ணி சூடாகவும் நேரம் எடுக்கும் ஆறவும் நேரம் எடுக்கும். மேசையில வைக்கிற கண்ணாடி உருண்டைக்குள்ள ஒரு கோல்ட் பிஷ் விட்டுப் பிள்ளைக்குக் குடுக்கிறவையைப் பாத்தால் எனக்கு உண்மையா மனவருத்தம், அந்த அஞ்சாறு லீற்றர் தண்ணி அறையோட சேந்து ஏறி அறையோட சேந்து இறங்கும், அதுவும் கோல்ட் பிஷ் 20 டிகிரிப் பக்கம் இருக்க விரும்புற குளிர்த்தண்ணி மீன்.

இனி ஃபான். தண்ணியைக் குளிரப் பண்ணுறதுக்கு எங்களுக்குக் கட்டுப்படியாகிற சாமான் இதுதான், சில்லர் எண்டு விக்கிற மிசினின்ர விலைக்கு இன்னும் ரெண்டு தொட்டி வைக்கலாம். ஃபான் தண்ணிக்குக் குளிர்காத்து அடிக்கேல்ல, தண்ணியை ஆவியாக்குது, ஆவியாகிற தண்ணி தன்னோட சூட்டைக் கொண்டு போகுது. அது எவ்வளவு சூடு எண்டால், வெளியால இருந்து திரும்பச் சூடு வராட்டி, ஒரு லீற்றர் ஆவியாகிறது 100 லீற்றர் தண்ணியை அஞ்சு டிகிரிக்கு மேல இறக்கப் போதும். அறைச் சூடு திரும்பத் திரும்ப உள்ள வாறதால உண்மையில கிடைக்கிறது ரெண்டு மூண்டு டிகிரிதான், ஆனா எங்களுக்கு வேண்டியதும் அவ்வளவுதான். பழைய கொம்பியூட்டரில கழட்டின 12 வோல்ற் ஃபான் ரெண்டு, பழைய ரவுட்டரின்ர அடப்ரர் ஒண்டு, தண்ணிக்கு மேல அரை அடி உயரத்தில சரிவாப் பிடிச்சு நீர்மட்டத்தைத் தடவிக்கொண்டு போற மாதிரிக் காத்து விட்டால் சரி. கண்ணாடி மூடி இருந்தால் கழட்டோணும், மூடினபடி மேலால ஃபான் போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. மூடி இல்லாட்டி மீன் பாயும், பல்லியும் விழும், அதுக்கு யன்னலுக்கு அடிக்கிற நுளம்பு வலையில ஒரு துண்டை மரச்சட்டத்தில இழுத்து அடிச்சு மேல வச்சிட்டன், காத்தும் போகும் மீனும் உள்ள நிக்கும்.

ஃபான் போட்டால் தண்ணி குறையும், என்ர மூண்டடித் தொட்டியில சோளகக் காத்துக் காலத்தில ஒரு நாளைக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவு இறங்கும், அது மூண்டு லீற்றருக்குக் கிட்ட. இந்தக் குறையை எதால நிரப்புறீங்கள் எண்டதுதான் எங்கட ஊரில முக்கியமான விசயம். எங்கட கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால ஊறி வாற தண்ணி, கேத்திலுக்கு அடியில படியிற வெள்ளையைப் பாத்தாலே தெரியும். ஆவியாப் போறது வெறும் தண்ணி மட்டும், சுண்ணாம்பு உப்பெல்லாம் உள்ளயே நிக்கும், அதுக்கு மேல திரும்பவும் கிணத்துத் தண்ணியை விட்டால் கிழமைக்குக் கிழமை தண்ணி கடினமாகிக்கொண்டே போகும், கண்ணாடியில வெள்ளைக் கோடு விழுறது அதின்ர அடையாளம். அதால ஆவியான குறையை நிரப்ப நான் உப்பும் சுண்ணாம்பும் வடிச்செடுத்த ஆர்ஓ தண்ணி பாவிக்கிறன், குடிக்க எண்டு வாங்கிற கலனில இருந்தே ஊத்தலாம், மாரியில பிடிச்சு மூடி வச்ச மழைத்தண்ணியும் நல்லது, ஆனா முதல் மழையில கூரை கழுவி வாற தண்ணியைப் பிடிக்காதேங்கோ. ஊத்தேக்க ஒரேயடியாக் கவிழ்க்காமல் காலமை கொஞ்சம் இரவு கொஞ்சம். ஒண்டு சொல்லோணும், ஐப்பசி கார்த்திகையில காத்து ஈரமா இருக்கிற நாளில ஃபான் பெரிசா வேலை செய்யாது, தண்ணி ஆவியானால்தானே சூடு போகும், நல்லகாலம் அந்த மாசங்களில வெக்கையும் குறைவு.

தண்ணிக்குள்ள சூட்டை நாங்களே போட்டுக்கொண்டு பேந்து அதை இறக்கப் பாடுபடுறதும் இருக்கு. தண்ணிக்குள்ள அமிழ்ந்து ஓடுற மோட்டர் 20 வாட்ஸ் எண்டால் அந்த 20 வாட்ஸும் கடைசியில தண்ணியிலதான் சூடாச் சேருது, 24 மணித்தியாலமும். தேவைக்கு மேல பெரிய மோட்டர் போடாதேங்கோ. பழைய ரியூப் லைற்றுக்குப் பதிலா எல்ஈடி, அதுவும் சித்திரை வைகாசியில பகலில நிப்பாட்டிப் போட்டு இரவில ரெண்டு மூண்டு மணித்தியாலம் போட்டால் காணும்.

தண்ணி மாத்துறது. இதிலதான் ஒரே நிமிசத்தில அஞ்சு டிகிரி மாறக்கூடிய ஆபத்து இருக்கு, எங்கட ஊரில அதுக்குக் காரணம் மேல வச்சிருக்கிற கறுப்புத் தாங்கி. மத்தியானம் ஒரு மணிக்குப் பைப்பைத் துறந்தால் கை சுடும், அந்தத் தண்ணியை வாளியில பிடிச்சு அப்பிடியே ஊத்தினால் மீன் என்ன செய்யும். நான் தாங்கித் தண்ணி பக்கமே போறேல்ல, நேர கிணத்திலதான். நிலத்துக்குக் கீழ இருக்கிற தண்ணி வருசம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே சூட்டில நிக்கும், எங்கட பக்கம் அது 28 ஐ ஒட்டி வரும், இதைவிட நல்ல சாமான் காசு குடுத்தாலும் கிடைக்காது. நுளம்புக் குடம்பி தின்னட்டும் எண்டு கிணத்துக்குள்ள விட்ட கப்பி எந்த ஹீற்றரும் ஃபானும் இல்லாமல் எப்பிடிப் பெருகி நிக்குது எண்டு ஒருக்கா எட்டிப் பாருங்கோ. சித்திரை வெக்கையில தொட்டி 31 நிண்டால், அஞ்சில ஒரு பங்கை 28 டிகிரிக் கிணத்துத் தண்ணியால மாத்தினால் கிட்டத்தட்ட அரை டிகிரிக்கு மேல இறங்கும், மீனுக்கும் நோகாது. ஆனா அள்ளின உடன ஊத்தாதேங்கோ, கிணத்துத் தண்ணியில ஒக்சிசன் குறைவா இருக்கும், முதல் நாள் இரவு வாளியில அள்ளி உள்ள வச்சு காத்துக் குமிழி விடுற ஒரு ஏர் ஸ்டோனைப் போட்டுவிட்டால் விடிய ஊத்தலாம். வெள்ளத்துக்குப் பிறகு கிணத்துக்குக் குளோரின் போட்டிருந்தால் இன்னும் ரெண்டு மூண்டு நாள் பொறுக்கோணும். ஊத்த முதல் வாளிக்கும் தொட்டிக்கும் ஒரே தெர்மோமீற்றரை விட்டுப் பாருங்கோ, ஒண்டு ரெண்டு டிகிரிக்குள்ள நிண்டால் ஊத்துங்கோ.

போன சித்திரையில பக்கத்து வீட்டுத் தம்பி ஓடி வந்தவன், "அண்ணை, மீனெல்லாம் மேல வந்து வாயைத் துறந்து துறந்து நிக்குது, ஐஸ் கட்டி போடட்டே?" எண்டு. போய்ப் பாத்தால் ரெண்டடித் தொட்டி, 33 காட்டுது, மீன் தொகையும் கூட. நான் சொன்னன் ஐஸ் வேண்டாம், முதல் காத்தைக் குடு எண்டு. 25 டிகிரித் தண்ணி லீற்றருக்கு 8.3 மில்லிகிராம் ஒக்சிசன் பிடிக்கும், 33 எண்டால் 7.2 தான், இது பெரிய குறை மாதிரித் தெரியாது, ஆனா அதே நேரம் மீனின்ர உடம்பு வேகமா ஓடுறதால அதுக்கு வேண்டிய ஒக்சிசன் ஒண்டரை மடங்குக்கு மேல போயிடும், மூச்சு முட்டுறது அங்கதான். ஏர் பம்ப் ரெண்டாவது ஒண்டைப் போட்டு, பில்ரர் வாயை நீர்மட்டத்துக்கு உயர்த்தித் தண்ணி கலங்க விட்டு, லைற்றை நிப்பாட்டி, மூடியைக் கழட்டி மேசை ஃபானைத் திருப்பி விட்டம், பத்துப் பதினைஞ்சு நிமிசத்தில மீன் மெல்லக் கீழ இறங்கத் தொடங்கீட்டுது, அந்தப் பெடியன்ர முகத்தைப் பாக்கோணும். தெர்மோமீற்றர் அப்பவும் 33 தான்.

ஐஸ் போடக்கூடாது எண்டு இல்லை, கணக்குப் பாத்துப் போடோணும். போத்தலுக்குள்ள உறைஞ்ச ஒரு லீற்றர் தண்ணி 100 லீற்றரை ஒரு டிகிரியளவு இறக்கும், அப்ப ரெண்டடித் தொட்டியில ரெண்டு டிகிரி, பத்து லீற்றர்க் கிண்ணத்தில பத்து டிகிரி, அது கொலை. அதால அரை லீற்றர்ப் போத்தலில முக்கால்வாசி தண்ணி விட்டு உறைய வச்சு, மூடினபடி மிதக்க விட்டு, ஒரு மணித்தியாலத்தில ஒரு டிகிரிக்கு மேல இறங்காமல் பாத்துக்கொள்ளுங்கோ. ஐஸ் உருகி முடிஞ்சால் திரும்ப ஏறும், எடுத்தெடுத்து மாத்த ஆள் வீட்டில இல்லாட்டி தொடங்கவே வேண்டாம்.

வெக்கை நாளில சாப்பாட்டைப் பாதியாக் குறையுங்கோ. மிஞ்சின சாப்பாடும் கழிவும் அமோனியாவா மாறும், எங்கட தண்ணி சுண்ணாம்புத் தண்ணி எண்டதால பிஎச் (தண்ணியின்ர புளிப்பு, காரத்தைக் காட்டுற அளவு) 8 பக்கம் நிக்கும், அந்த பிஎச்சில அமோனியாவின்ர நஞ்சுப் பங்கு 25 டிகிரியில 5 வீதமளவு எண்டால் 30 டிகிரியில 7 வீதத்துக்கு மேல போகுது. வெக்கையும் எங்கட தண்ணியும் சேந்தால் அழுக்கை மீன் தாங்காது.

கரண்ட் போறதையும் யோசிச்சு வைக்கோணும். 2022 பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாமல் இருந்த நேரம் ஆருக்கும் மறந்திருக்காது. அப்ப பற்றரியில ஓடுற சின்ன ஏர் பம்ப் ஒண்டுதான் என்ர மீனுகளைக் காப்பாத்தினது, இப்பவும் அதைப் பற்றரியோட லாச்சிக்குள்ள வச்சிருக்கிறன். அது இல்லாட்டி ஒரு கோப்பையால தண்ணியை அள்ளி ஓரடி உயரத்தில இருந்து திரும்ப ஊத்துங்கோ, அஞ்சு நிமிசம் செய்திட்டு அரை மணித்தியாலம் விட்டுத் திரும்பச் செய்யலாம். மூடின பெட்டி பில்ரர் வச்சிருக்கிறவை கவனம், கனநேரம் நிண்டால் உள்ளுக்க இருக்கிற நல்ல பக்ரீரியா ஒக்சிசன் இல்லாமல் சாகும், கரண்ட் வந்த உடன அந்த நாத்தத் தண்ணி தொட்டிக்குள்ள வரும், அதால முதல் அந்தத் தண்ணியை வெளியால ஊத்திப்போட்டு ஓட விடுங்கோ.

யாழ்ப்பாணத்துக்கு ஏன் ஹீற்றர் எண்டு கேக்கிற ஆக்கள் மார்கழி தையை மறந்திடுறினம். வாடைக் காத்து அடிக்கிற இரவில சின்னத் தொட்டி 24க்குக் கீழ போகும், பகலில திரும்ப 28. 2022 மார்கழியில மாண்டஸ் புயல் நேரம் அடிச்ச குளிரில வடக்கிலயும் கிழக்கிலயும் மாடுகளே கனக்கச் செத்தது, அப்ப தொட்டித் தண்ணியை யோசிச்சுப் பாருங்கோ. இப்பிடிக் குளிர் விழுந்து ரெண்டு மூண்டு நாளில உடம்பில உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி வரும், மீன் கல்லில உரஞ்சும். அது ஒட்டுண்ணி, உடம்பில ஒட்டியிருக்கேக்க மருந்து எடுபடாது, கழண்டு தண்ணியில நீந்தேக்கதான் எடுபடும், தண்ணிச் சூட்டை ஒரு நாளைக்கு ஒண்டு ரெண்டு டிகிரியா 30 வரைக்கும் ஏத்தினால் அதின்ர சுற்று வேகமா ஓடி மருந்துக்கு அகப்படும், ஏர் பம்ப் கூட ஓடோணும்.

ஹீற்றர் லீற்றருக்கு ஒரு வாட்ஸ் எண்டு சொல்லுறது குளிர் நாட்டுக் கணக்கு, இஞ்ச அதில பாதியே காணும். பெரிசு போட்டால் கெட்டதும் உண்டு, 300 வாட்ஸ் ஹீற்றரின்ர சுவிட்ச் உள்ளுக்க ஒட்டிக்கொண்டால் என்ர 140 லீற்றரை மணித்தியாலத்துக்கு ரெண்டு டிகிரிக்குக் கிட்ட ஏத்தும், விடியேக்க மீன் அவிஞ்சிருக்கும், 75 வாட்ஸ் எண்டால் கண்டுபிடிக்க நேரம் கிடைக்கும். டயலில எழுதியிருக்கிற நம்பரை நம்பாமல் தெர்மோமீற்றரைப் பாத்துத் திருப்புங்கோ. தண்ணி மாத்த முதல் பிளக்கைக் கழட்டிப் பத்து நிமிசம் ஆற விடோணும், சூட்டோட வெளியில தெரிஞ்சால் கண்ணாடி வெடிக்கும்.

மீன் தெரிவு செய்யிறதும் இதோட சேந்ததுதான். கப்பி, மொலி, பிளாற்றி எங்கட சூட்டுக்கும் எங்கட சுண்ணாம்புத் தண்ணிக்கும் பொருந்தும், ஏஞ்சலும் பழகும். பைற்றர் 28இல நல்லாவே இருக்கும். டிஸ்கஸுக்கு 29, 30 எண்ட சூடு பிடிக்கும், ஆனா எங்கட தண்ணி பிடிக்காது. நியோன் ரெற்றாவை ஆசைக்கு வாங்கிறவை அது 26க்குக் கீழ இருக்க விரும்புற மீன் எண்டதை யோசியுங்கோ. கொழும்பில இருந்து இரவு பஸ்ஸில கொண்டு வாறதெண்டால் ரிஜிபோம் பெட்டிக்குள்ள வச்சு ரேப் ஒட்டி மடியிலயோ காலடியிலயோ வச்சிருங்கோ, ஏசிக் குளிரும் படாது, பின்னால எஞ்சின் சூடும் படாது. வீட்டுக்கு வந்து பையைக் கட்டவிழ்க்காமல் தொட்டியில இருபது நிமிசம் மிதக்க விட்டு, பேந்து கொஞ்சம் கொஞ்சமாத் தொட்டித் தண்ணியைக் கலந்து விடுங்கோ.

இப்ப நான் பாவிக்கிறது ஃபானையும் ஹீற்றரையும் ரெண்டையும் தானாப் போட்டு நிப்பாட்டுற எஸ்ரிசி 1000 எண்ட டிஜிற்றல் கொன்ட்ரோலர். 29க்கு மேல போனால் ஃபான் ஓடும், 26க்குக் கீழ இறங்கினால் ஹீற்றர் பத்தும், நடுவில ரெண்டும் சும்மா. சென்சரை ஹீற்றருக்குப் பக்கத்திலயும் விடாதேங்கோ, ஃபான் காத்துப் படுற மேல்மட்டத்திலயும் விடாதேங்கோ, தொட்டியின்ர மற்றத் தொங்கலில நடு ஆழத்தில சக்சன் கப்பால ஒட்டுங்கோ, கப் கழண்டு சென்சர் வெளியில தொங்கினால் அறைச் சூட்டைப் பாத்து வேலை செய்யும், அதால சாப்பாடு போடேக்க அதையும் ஒருக்காப் பாக்கிறது. வயரெல்லாம் பிளக்குக்குப் போக முதல் ஒருக்காக் கீழ தொங்கி வளைஞ்சு ஏறோணும், அப்பத்தான் வயர் வழியா வழியிற தண்ணி பிளக்குக்குள்ள போகாமல் நிலத்தில சொட்டும், வீட்டில ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுதோ எண்டு பட்டனை அமத்திப் பாத்திட்டுத்தான் தொட்டிக்குள்ள கை வைக்கோணும்.